நிதிச் சந்தைகள்: உள்நாடு, அயல்நாடு, பன்னாடு

ஒரு நாட்டில் வசிப்பவர்கள் தங்களுக்குள், அந்நாட்டு நாணயத்தில், அந்நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுக் கொடுக்கல் வாங்கல் செய்யும் களம் உள்நாட்டு நிதிச் சந்தை. வெளிநாட்டு அரசோ நிறுவனமோ அதே களத்துக்குள் வந்து, அங்குள்ள நாணயத்திலும் விதிகளிலும் கடன் திரட்டினால் அது அயல்நாட்டுச் சந்தை. ஒரு நாணயம் தன்னை வெளியிட்ட நாட்டின் சட்ட எல்லைக்கு வெளியே கடனாகவும் வைப்பாகவும் கைமாறினால் அது பன்னாட்டுச் சந்தை. லண்டனில் புழங்கும் டாலர் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. பாடநூல்கள் இம்மூன்றையும் கடன் வாங்குபவர் யார், நாணயம் எது, ஊர் எது என்ற கேள்விகளைக் கொண்டு பிரிக்கின்றன. அந்தப் பிரிவினை தவறன்று, ஆனால் அது மேற்பரப்பைத்தான் காட்டுகிறது. இருநூறு ஆண்டு வரலாற்றில் ஊரும் நாணயமும் கொடுத்தவரும் வாங்கியவரும் அப்படியே இருக்க, சந்தையின் வகை மட்டும் மாறிப்போன நேரங்கள் உண்டு. ஒரே அரசு ஒரே நாணயத்தில் வாங்கிய இரு கடன்களில் ஒன்று பாதியாக வெட்டப்பட்டு, மற்றொன்று முழுதாகத் திரும்பியதும் உண்டு. இவற்றை வைத்துப் பார்த்தால், கடன் தவறும் நாளில் யாருடைய சட்டம் செல்லும் என்பதே இச்சந்தைகளைப் பிரிக்கும் உண்மையான கோடு எனத் தெரியும். மற்ற வேறுபாடுகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை.

பன்னாட்டுச் சந்தையைவிட அயல்நாட்டுச் சந்தை மிகப் பழையது. 1818இல் நேதன் ராத்ஸ்சைல்ட் பிரஷ்ய அரசுக்காக லண்டனில் 50 லட்சம் பவுன் கடன் திரட்டினார். அதுவரை ஐரோப்பிய மன்னர்களின் பத்திரங்களை வாங்கிய ஆங்கிலேயர், அந்தந்த நாட்டு நாணயத்தில் அந்தந்தத் தலைநகரில் வட்டி வாங்கி, அதைப் பவுனாக மாற்றிக்கொள்ளும் தொல்லையைச் சுமந்தார்கள். பிரஷ்யக் கடனோ பவுனில் எழுதப்பட்டது, வட்டியும் லண்டனிலேயே தரப்பட்டது. கடன் வாங்குபவர் கொடுப்பவரின் வீட்டுக்கு வந்து, அந்த வீட்டு வழக்கத்துக்கு உட்பட்டதே இதிலிருந்த புதுமை. ஆனால் அரசு ஒன்று பணம் தர மறுத்தால் அதன்மேல் வழக்குத் தொடுக்க அன்றைய ஆங்கிலச் சட்டம் இடம் தரவில்லை. அதற்கு ஈடாக லண்டன் பங்குச் சந்தை வேறொரு கருவியை வைத்திருந்தது. பழைய கடனைத் தீர்க்காத அரசின் புதிய பத்திரங்களுக்கு அது பட்டியலில் இடம் தருவதில்லை. 1868இல் அயல்நாட்டுப் பத்திரங்களை வைத்திருந்தவர்கள் தங்களுக்கெனத் தனி அமைப்பையும் உருவாக்கிக்கொண்டார்கள். களத்தின் கதவை மூடுவதும் ஒருவகைச் சட்டம்தான்.

யார் அயலவர் என்பதையும் அந்த நூற்றாண்டில் சட்டமே தீர்மானித்தது. அர்ஜென்டினாவும் ஆஸ்திரேலியாவும் லண்டனிலிருந்து வெகு தொலைவில் இருப்பவை, இரண்டும் பவுனில் கடன் வாங்கின. ஆனால் 1900ஆம் ஆண்டின் காலனிப் பத்திரச் சட்டம், குடியேற்ற நாட்டு அரசுகளின் பத்திரங்களில் பிரிட்டிஷ் அறக்கட்டளைப் பணத்தை முதலீடு செய்ய அனுமதித்தது. அந்தச் சலுகை அர்ஜென்டினாவுக்கு இல்லை. கொடி ஒன்றாயிருந்ததால் ஒன்று பாதி உள்நாடு ஆயிற்று, மற்றது அயல்நாடாகவே நின்றது. இந்திய அரசின் கடன்களில் இன்னொரு விநோதம் இருந்தது. பவுனில் எழுதப்பட்ட இந்தியக் கடன்களோடு, ரூபாயில் எழுதப்பட்டு, லண்டனில் வட்டி பெறுவதற்கான குறிப்பு முகப்பில் பொறிக்கப்பட்ட பத்திரங்களும் அங்கே விற்பனையாயின. வட்டி இந்தியாவின்மேல் எழுதப்பட்ட ரூபாய் உண்டியலாகவே தரப்பட்டது. அதனால் வெள்ளி விலை சரிந்து, 1870களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2 ஷில்லிங்காக இருந்த ரூபாய் 1894-95இல் 1 ஷில்லிங் 1 பென்னி அளவுக்கு விழுந்தபோது, அந்த இழப்பு பத்திரம் வைத்திருந்தவர் தலையில் விடிந்தது. பவுன் கடன்களிலோ அதே இழப்பு இந்திய வரிப்பணத்தின்மேல் விழுந்தது. நாணயத் தேர்வு அற்பமானது என்று யாரும் சொல்ல முடியாது. ஆயினும் நாணயம் இழப்பின் அளவைத் தீர்மானிக்கிறதே ஒழிய, சந்தை எவ்வகை என்பதைத் தீர்மானிப்பதில்லை. இதைப் பர்மாவின் கதை துல்லியமாகக் காட்டுகிறது.

நகரத்தார் பர்மாவில் நடத்திய வட்டிக்கடைத் தொழில் அதன் உச்சத்தில் ஓர் உள்நாட்டுச் சந்தையாகத்தான் இருந்தது. பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். செட்டிநாட்டிலிருந்து ரங்கூனுக்குப் போன பணம் கடல் கடந்தாலும் சட்ட எல்லையைக் கடக்கவில்லை. நாணயம் ரூபாய், ஒப்பந்தச் சட்டம் இந்திய ஒப்பந்தச் சட்டம். ரங்கூன் முகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்துக்கொண்டார்கள். வங்கியாளர்கள் கூடிப் பேசி ஒரு சந்தைக்கான வட்டியை அறிவிக்கும் வழக்கம் லண்டனில் பிறந்தது என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். 1930 வாக்கில் பர்மாவில் அவர்கள் ஈடுபடுத்தியிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து கடன்கள் திரும்பாதபோது, ஈடாக வைத்த நிலங்கள் கைக்கு வந்தன. நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் அவர்கள் வசமிருந்த நிலம், சில ஆண்டுகளுக்குள் 6 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்ந்தது. 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அன்று யாரும் இடம்பெயரவில்லை, ஒரு ரூபாயும் நகரவில்லை, பர்மாவின் நாணயப் பொறுப்பும் இந்திய ரிசர்வ் வங்கியிடமே தொடர்ந்தது. ஆனால் உள்நாட்டுக் கடனாக இருந்தது அயல்நாட்டு முதலீடாக மாறிவிட்டது. இழப்புக்கு மூலகாரணம் நெல் விலைதான், எல்லைக்கோடு அன்று என்று வாதிடலாம், அதில் உண்மையுண்டு. ஆனால் நிலமாகக் கையிலிருந்த ஈட்டின் கதி என்ன என்பதை, 1948இல் சுதந்திர பர்மாவின் நில தேசியமயச் சட்டம் தீர்மானித்தது. அந்தச் சட்டத்தை இயற்றிய மன்றத்தில் சென்னை மாகாணத்துக்குக் குரல் கிடையாது.

இன்று நாம் அறிந்த பன்னாட்டுச் சந்தை 1950களின் நடுவில், யாரும் திட்டமிடாமல் உருவானது. அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத்தையொட்டி வந்த ‘கியூ’ ஒழுங்குவிதி, வங்கிகள் வைப்புகளுக்குத் தரக்கூடிய வட்டிக்கு உச்சவரம்பு விதித்திருந்தது. 30 நாள் வைப்புக்கு 1 சதவீதமே உச்சம். 1955இல் லண்டனின் மிட்லண்ட் வங்கி அதே 30 நாள் டாலருக்கு 1⅞ சதவீதம் தர முன்வந்தது. வாங்கிய டாலரை உடனே பவுனாக மாற்றி, பின்தேதியில் டாலரைத் திரும்ப வாங்க ஒப்பந்தமும் செய்துகொண்டது. எல்லாச் செலவும் சேர்த்து 4 சதவீதத்தில் பவுன் கிடைத்தது. அன்று இங்கிலாந்து வங்கியின் வட்டி 4½ சதவீதம். இன்னொரு பக்கம், சோவியத் வங்கிகள் தங்கள் டாலர்களை நியூயார்க்கில் வைத்தால் பனிப்போர்ச் சூழலில் முடக்கப்படக்கூடும் என்று அஞ்சி, லண்டனிலும் பாரிசிலும் வைத்தன. 1957இல் பவுன் நெருக்கடியின்போது, பிரிட்டன் தொடர்பில்லாத வணிகத்துக்குப் பவுனில் கடன் கொடுப்பதை பிரிட்டிஷ் அரசு கட்டுப்படுத்தியது. தொழிலை இழக்க விரும்பாத லண்டன் வங்கிகள் பவுனுக்குப் பதில் டாலரில் கடன் கொடுக்கத் தொடங்கின. இங்கிலாந்து வங்கிக்கு இது தெரியும். பவுனைத் தொடாத வரையில் அதற்கு ஆட்சேபம் இல்லை. ஆக, அமெரிக்க வட்டி வரம்பு, மாஸ்கோவின் அச்சம், பிரிட்டிஷ் செலாவணிக் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் சேர்ந்து ‘யூரோடாலர்’ எனப்பட்ட வைப்புகளை உருவாக்கின. இன்றைய யூரோ நாணயத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை.

வைப்புச் சந்தையைத் தொடர்ந்து பத்திரச் சந்தை வந்தது. 1963 ஜூலை 1 அன்று இத்தாலியின் நெடுஞ்சாலை நிறுவனமான ஆட்டோஸ்ட்ராடேவுக்காக எஸ்.ஜி.வார்பர்க் நிறுவனம் 1.5 கோடி டாலர் பத்திரத்தை வெளியிட ஒப்பந்தம் செய்தது. வட்டி 5½ சதவீதம், காலம் 15 ஆண்டு. இந்த ஒரு பத்திரத்தை நிதானமாகப் பிரித்துப் பார்ப்பது பல நூல்களைப் படிப்பதற்குச் சமம். பணம் உண்மையில் தேவைப்பட்டது இத்தாலிய எஃகு நிறுவனம் ஒன்றுக்கு. இத்தாலிய வரி பிடிக்காமல் வட்டி தரும் உரிமை ஆட்டோஸ்ட்ராடேவுக்கு இருந்ததால் அதன் பெயரில் பத்திரம் எழுதப்பட்டது. ஏற்பாடு முழுவதும் லண்டனில் நடந்தது. ஆனால் பிரிட்டனில் வெளியிட்டால் 4 சதவீத முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பதால், பத்திரங்கள் ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் கைமாறின. வட்டியைப் பிரிட்டனில் பெற்றால் வருமான வரிப் பிடித்தம் உண்டு, ஆகவே லக்சம்பர்கில் பெற வழி செய்யப்பட்டது. நாணயம் டாலர், ஆனால் அமெரிக்க மண்ணில் எந்த வேலையும் நடக்கவில்லை. பத்திரத்தில் உரிமையாளர் பெயர் கிடையாது. கையில் வைத்திருப்பவரே உரியவர். வரி அதிகாரியின் கண்ணில் படாமல் சேமிக்க விரும்பிய பெல்ஜியப் பல் மருத்துவர், இச்சந்தையின் மாதிரி வாடிக்கையாளராகப் பேச்சில் நிலைத்துவிட்டார். இப்பத்திரத்தின் ஒவ்வொரு உறுப்பும் ஏதேனும் ஒரு நாட்டுச் சட்டத்தை விட்டு விலகவோ, இன்னொரு நாட்டுச் சட்டத்தை விரும்பி ஏற்கவோ வடிவமைக்கப்பட்டது. நாடற்ற பணம் என்று இதை வருணிப்பது பழக்கமாகிவிட்டது. எனக்கு அது பொருந்தாத வருணனையாகப் படுகிறது. அதற்குப் பல நாடுகள் இருந்தன, வேண்டிய பகுதியை வேண்டிய நாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது.

அதே ஜூலை மாதம் 18ஆம் தேதி, அதிபர் கென்னடி வட்டிச் சமன் வரியை முன்மொழிந்தார். அமெரிக்கர் வெளிநாட்டுப் பத்திரங்களை வாங்கினால் 15 சதவீதம் வரை வரி. டாலர் வெளியேறுவதைத் தடுப்பது நோக்கம். விளைவு, நியூயார்க்கின் அயல்நாட்டுச் சந்தை பெரும்பாலான ஐரோப்பியக் கடனாளிகளுக்கு மூடிப்போனது. அவர்கள் லண்டனுக்குத் திரும்பினார்கள். பன்னாட்டுப் பத்திரச் சந்தையை இந்த வரிதான் பெற்றெடுத்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். தேதிகளை ஒப்பிட்டால் அது நிற்காது. ஆட்டோஸ்ட்ராடே ஒப்பந்தம் பதினேழு நாள் முந்தையது. நியூயார்க்கில் வெளியான ஐரோப்பியப் பத்திரங்களைக் கடைசியில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியராகவே இருக்க, தரகு மட்டும் அமெரிக்க நிறுவனங்களுக்குப் போய்க்கொண்டிருந்ததை வார்பர்க் ஏற்கெனவே கண்டிருந்தார். வரி செய்தது வேறு வேலை. சிறு கிளையாக இருந்ததை முதன்மை வழியாக்கியது. 1964இல் அமெரிக்கப் பத்திரப் பரிவர்த்தனை ஆணையம், வெளிநாட்டில் விற்று வெளிநாட்டிலேயே தங்கும் பத்திரங்களுக்குப் பதிவு தேவையில்லை என்று அறிவித்தது. தன் சட்டம் எங்கே நிற்கிறது என்பதை அமெரிக்காவே கோடு கிழித்துக் காட்டிய தருணம் அது. ஐந்தாண்டுக்குள் இச்சந்தைக்கெனத் தனித் தீர்வகமும் பிரசல்ஸில் உருவானது: யூரோகிளியர், 1968. அடுத்து 1970இல் லக்சம்பர்கில் செடெல்.

அயல்நாட்டுச் சந்தைகள் இதற்கிடையே மறைந்துவிடவில்லை. நியூயார்க்கில் வெளிநாட்டார் வெளியிடும் டாலர் பத்திரம் ‘யாங்கி’, டோக்கியோவில் யென் பத்திரம் ‘சாமுராய்’, லண்டனில் பவுன் பத்திரம் ‘புல்டாக்’, சீனாவுக்குள் யுவான் பத்திரம் ‘பாண்டா’. முதல் சாமுராய் பத்திரத்தை 1970இல் ஆசிய வளர்ச்சி வங்கி வெளியிட்டது, 600 கோடி யென்னுக்கு. முதல் பாண்டா 2005இல் வந்தது. பெயர்கள் வேடிக்கையானவை, ஆனால் பின்னாலுள்ள விதி கண்டிப்பானது. களத்தின் சொந்தக்கார நாடு யாரை உள்ளே விடுவது, எவ்வளவு, எந்தக் கணக்குமுறையில் என்றெல்லாம் சொல்லும். ஹாங்காங்கில் 2007 முதல் வெளியான யுவான் பத்திரம் ‘டிம் சம்’ எனப்படுகிறது. நாணயம் பாண்டாவுடையதே, ஆனால் சந்தை வேறு. அது பன்னாட்டுச் சந்தையைச் சேர்ந்தது. இரண்டுக்கும் ஒரே நாளில் வேறு வேறு வட்டி இருப்பது வழக்கம். பெருநிலச் சீனாவின் மூலதனக் கட்டுப்பாடு ஹாங்காங்கில் செல்லாது என்பதே அதற்கு அடிப்படை.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். பன்னாட்டுச் சந்தை விதிகளைத் தவிர்க்கப் பிறந்தது என்றால், அந்த விதிகள் போனதும் அது வற்றியிருக்க வேண்டுமே? அமெரிக்கா வட்டிச் சமன் வரியை 1974 ஜனவரியில் கைவிட்டது. வெளிநாட்டாருக்குத் தரும் பத்திர வட்டியின்மேல் பிடித்துவந்த 30 சதவீத வரியை 1984இல் நீக்கியது. வைப்பு வட்டிக்கான உச்சவரம்புகள் 1986க்குள் படிப்படியாக அகன்றன. ஒவ்வொரு முறையும் லண்டன் சந்தை முடிந்தது என்று ஆரூடம் சொல்லப்பட்டது. சந்தை வளர்ந்தே வந்தது. இந்த ஆட்சேபம் வலுவானதுதான். அதற்குப் பதில், வேலி தாண்டுவதற்காக வந்தவர்கள் அங்கே வேறொன்றைக் கண்டுகொண்டார்கள் என்பது. எந்த நாட்டுச் சட்டத்தில் ஒப்பந்தம் எழுதுவது, எந்த நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்குவது என்பதைக் கட்சிக்காரர்களே தேர்ந்துகொள்ளும் வசதிதான் அது. அமெரிக்காவும் இதைப் புரிந்துகொண்டது. 1981 டிசம்பரில் அது ‘பன்னாட்டு வங்கிப் பிரிவு’களை அனுமதித்தது. நியூயார்க் வங்கி ஒன்று அதே கட்டடத்தில், அதே மேசையில், தனிக் கணக்கேடு ஒன்றைத் திறந்து, அதில் வெளிநாட்டார் வைப்புகளை எழுதினால் கட்டாய இருப்பு விதியும் வட்டி வரம்பும் பொருந்தா. கணக்கேட்டின் பக்கத்தைத் திருப்பினால் பன்னாட்டுச் சந்தை. இதைவிடத் தெளிவாகச் சந்தைக்கு ஊர் முக்கியமன்று என்பதை எந்த அரசும் ஒப்புக்கொண்டதில்லை.

இரண்டாவது ஆட்சேபம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. லண்டனிலுள்ள டாலர் உண்மையில் வெளியே இல்லை. எங்கே எழுதப்பட்டாலும் கடைசியில் நியூயார்க் வங்கிகளின் கணக்குகளில்தான் அது தீர்கிறது, ஆகவே வாஷிங்டனின் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது என்பது இவ்வாதம். இதற்கும் சான்றுகள் உண்டு. 1979 நவம்பரில் அதிபர் கார்ட்டர் ஈரானின் சொத்துகளை முடக்கியபோது, அமெரிக்க வங்கிகளின் லண்டன், பாரிஸ் கிளைகளில் இருந்த டாலர் வைப்புகளையும் அந்த ஆணை பிடித்தது. அதை எதிர்த்து ஈரான் லண்டனில் தொடுத்த வழக்கு, நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லுமுன், இரு நாடுகளும் செய்த 1981இன் அல்ஜியர்ஸ் உடன்பாட்டால் ஓய்ந்தது. 2014இல் பிரெஞ்சு வங்கியான பி.என்.பி. பாரிபா, சூடான், ஈரான், கியூபா தொடர்பான பரிமாற்றங்களை டாலரில் தீர்த்ததற்காக அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஏறத்தாழ 890 கோடி டாலர் கட்டியது. 2008 நெருக்கடியில் வெளிநாட்டு வங்கிகள் டாலருக்குத் தவித்தபோது, அந்தந்த நாட்டு மத்திய வங்கிகளுக்கு அமெரிக்கப் பெடரல் ரிசர்வ் தந்த மாற்றுக்கடன், அவ்வாண்டு டிசம்பரில் சுமார் 58,000 கோடி டாலரைத் தொட்டது. தன் எல்லைக்கு வெளியே பிறந்த டாலருக்கும் அதுவே கடைசிப் புகலிடமாயிற்று.

ஆனால் இவ்வாதம் 1987இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நேரடியாகவே சோதிக்கப்பட்டது. 1986 ஜனவரியில் அதிபர் ரீகன் லிபியாவின் சொத்துகளை முடக்கியபோது, லிபிய அரபு அயல்நாட்டு வங்கிக்கு, அமெரிக்க வங்கியான பேங்கர்ஸ் டிரஸ்டின் லண்டன் கிளையில் 13.1 கோடி டாலர் இருந்தது. நியூயார்க் தீர்வகம் வழியாக மட்டுமே இவ்வளவு டாலரைத் தர முடியும், அங்கே அது குற்றம், ஆகவே தர இயலாது என்று வங்கி வாதாடியது. நீதிபதி ஸ்டாட்டன் அதை ஏற்கவில்லை. லண்டன் கணக்கை ஆங்கிலச் சட்டமே ஆள்கிறது. வைப்பு வைத்தவர் கேட்டால் ரொக்கமாகவேனும் தர வேண்டியது வங்கியின் கடமை என்று தீர்ப்பளித்தார். இந்த வழக்கையும் பாரிபா வழக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு முரண்போலத் தோன்றும். இல்லை, பணத்தைக் கோரும் உரிமை ஒன்று, பணம் போகும் குழாய் வேறொன்று. குழாய் நியூயார்க்கில் இருப்பதால் அமெரிக்காவுக்குப் பெரும் அதிகாரம் கிடைக்கிறது. உரிமை எங்கே எழுதப்பட்டதோ அந்த நாட்டு நீதிமன்றம் அந்த அதிகாரத்துக்கு வரம்பு கட்டுகிறது. பன்னாட்டுச் சந்தை முழுச் சுதந்திரம் உடையது என்று கொண்டாடியவர்களை ஈரான் வழக்கு அடக்க வேண்டும். அது வெறும் மாயை என்பவர்களை லிபிய வழக்கு அடக்க வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபம் இன்றைய சந்தைக்காரர்களுடையது. எல்லாம் கலந்துவிட்டது, பழைய பிரிவுகள் அருங்காட்சியகப் பொருள் என்கிறார்கள். 1989இல் உலக வங்கி, ஒரே பத்திரத்தை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ஒருசேர விற்ற 150 கோடி டாலர் வெளியீட்டைக் கொண்டுவந்தது. 1990இல் ‘144ஏ’ விதி, பெரு நிறுவன முதலீட்டாளர்களுக்குப் பதிவில்லாப் பத்திரங்களை அமெரிக்காவுக்குள்ளேயே விற்க வழிசெய்தது. பன்னாட்டுத் தீர்வு வங்கியும் 2012 இறுதியில் தன் புள்ளிவிவர வரையறையைத் திருத்தி, கடனாளி வசிக்கும் நாட்டுக்கு வெளியிலான சந்தையில் வெளியிட்ட எல்லாவற்றையும் பன்னாட்டுப் பத்திரம் என்றே கணக்கிடத் தொடங்கியது. அதாவது அயல்நாட்டு, பன்னாட்டு என்ற பழைய பிரிவு அதன் பட்டியலில் கரைந்தது. சாதாரண நாள்களில் இவர்கள் சொல்வது சரி. ஒரே கடனாளியின் பத்திரங்கள் எங்கே வெளியானாலும் விலை ஒன்றையொன்று ஒட்டியே போகும், வாங்குபவர் பெரும்பாலும் எந்தச் சட்டம் என்று கேட்பதுமில்லை. கேட்காததால் அது இல்லை என்றாகிவிடாது.

அதே 2012இல் கிரேக்கம் அதைக் காட்டியது. சீரமைக்க வேண்டிய கடன் சுமார் 20,600 கோடி யூரோ. அதில் நூற்றுக்கு 86 பங்கு கிரேக்கச் சட்டத்தில் எழுதப்பட்டது, எஞ்சியதில் பெரும்பகுதி ஆங்கிலச் சட்டத்தில். கடனாளி ஒன்று, நாணயம் ஒன்று, வாங்கியவர்களும் பெரும்பாலும் ஒரே ஐரோப்பிய வங்கிகள். பிப்ரவரியில் கிரேக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பெரும்பான்மைப் பத்திரதாரர் ஒப்பினால் மற்றவரும் கட்டுப்பட வேண்டும் என்ற பிரிவைக் கிரேக்கச் சட்டப் பத்திரங்கள் அனைத்திலும் பின்தேதியிட்டுச் செருகியது. மார்ச்சில் அவற்றின் முகமதிப்பில் 53.5 சதவீதம் வெட்டப்பட்டது, ஒப்பாதவருக்கும் சேர்த்தே. ஆங்கிலச் சட்டப் பத்திரங்களில் இதைச் செய்ய ஏதென்ஸுக்கு அதிகாரமில்லை. அங்கே ஒவ்வொரு வெளியீடாகத் தனித்தனியே வாக்கெடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் போதிய பங்கை முன்பே வாங்கிக் குவித்திருந்தவர்கள் மறுத்துவிட்டார்கள். மறுத்தவர்களின் ஏறத்தாழ 640 கோடி யூரோவில் முதல் தவணை, 43.5 கோடி, மே மாதம் முதிர்ந்தபோது கிரேக்கம் முழுத் தொகையையும் கட்டியது. வட்டியோ விலையோ ஆண்டுக்கணக்கில் காட்டாத வேறுபாட்டை அந்த இரண்டே மாதங்கள் காட்டின.

இலங்கையின் அண்மைக்கால அனுபவம் இன்னும் நுட்பமானது. 2007இல் அந்நாடு தன் முதல் சர்வதேச இறைமைப் பத்திரத்தை வெளியிட்டது: 50 கோடி டாலர், 8.25 சதவீதம், 5 ஆண்டு. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தபோது, அவ்வகைப் பத்திரங்கள் சுமார் 1,250 கோடி டாலருக்கு இருந்தன. இவை நியூயார்க் சட்டத்தில் எழுதப்பட்டவை. ஆனால் டாலரில் எழுதப்பட்டு இலங்கைச் சட்டத்துக்கு உட்பட்ட இன்னொரு வகை இருந்தது: இலங்கை அபிவிருத்திப் பத்திரங்கள். நாணயத்தை வைத்துப் பிரித்தால் இவை வெளிநாட்டுக் கடன். 2023இல் அவை உள்நாட்டுக் கடன் சீரமைப்பில் சேர்க்கப்பட்டன. உள்நாட்டுப் பக்கத்தில் அரசின் கை எவ்வளவு நீளம் என்பதும் அப்போது தெரிந்தது. ஊழியர் சேமலாப நிதி தன் திறைசேரிப் பத்திரங்களை நீண்ட காலப் பத்திரங்களாக மாற்றிக்கொள்ள மறுத்தால், அதன் வருமானத்தின்மேல் 14 சதவீத வரிக்குப் பதில் 30 சதவீதம் என்று வரிச்சட்டமே திருத்தப்பட்டது. அந்த ஜூலையில் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது, செப்டம்பரில் மாற்றம் முடிந்தது. நியூயார்க் சட்டப் பத்திரங்களுக்கோ பேச்சுவார்த்தை 2024 டிசம்பர் வரை நீண்டது. கரீபியத் தீவு வங்கி ஒன்று நியூயார்க்கில் வழக்கும் தொடுத்தது. தொழிலாளியின் ஓய்வுக்காலச் சேமிப்பு விரைவாகவும் வெளிநாட்டு நிதியங்களின் முதலீடு மெதுவாகவும் சீரமைந்தது நியாயமா என்ற கேள்வி கொழும்பில் பலமாக எழுந்தது. எழ வேண்டிய கேள்விதான். அதற்கான விடையில் ஒரு பகுதி, பல ஆண்டுகளுக்கு முன் பத்திரங்களின் கடைசிப் பக்கத்தில் எந்தச் சட்டம் என்று எழுதியபோதே முடிவாகிவிட்டது.

இந்தியாவில் இந்த வேறுபாடு ரூபாய் வழியாக உயிர்பெற்றிருக்கிறது. 2014இல் உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகம் 1,000 கோடி ரூபாய்க்கு லண்டனில் பத்திரம் வெளியிட்டு அதை ‘மசாலா’ என்றழைத்தது. அடுத்த ஆண்டு ரிசர்வ் வங்கி இந்திய நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. 2016 ஜூலையில் எச்.டி.எஃப்.சி. 3,000 கோடியும், 2019இல் கேரள உள்கட்டமைப்பு நிதி வாரியம் 9.723 சதவீத வட்டியில் 2,150 கோடியும் திரட்டின. மதிப்பு ரூபாயில், பட்டுவாடா டாலரில். ரூபாய் விழுந்தால் இழப்பு வாங்கியவருக்கு. முகப்பில் குறிப்புப் பொறித்த பழைய ரூபாய்ப் பத்திரம் வேறு உடையில் திரும்பியிருக்கிறது எனலாம். இதைவிடப் பெரியது, ரூபாயைக் கையில் தராமல் விலை வேறுபாட்டை மட்டும் டாலரில் தீர்க்கும் முன்பேர ஒப்பந்தச் சந்தை. சிங்கப்பூரிலும் லண்டனிலும் நடக்கும் அதற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. பன்னாட்டுத் தீர்வு வங்கியின் 2019 ஏப்ரல் கணக்கெடுப்பில், ரூபாய் தொடர்பான வணிகம் லண்டனில் நாளொன்றுக்குச் சுமார் 4,700 கோடி டாலர், இந்தியாவில் சுமார் 3,500 கோடி. சொந்த நாணயத்தின் விலை பெருமளவு வெளியே பேசப்படுவதைக் கண்ட ரிசர்வ் வங்கி, உஷா தோரட் தலைமையிலான குழுவின் ஆய்வைத் தொடர்ந்து, 2020 ஜூன் முதல் இந்திய வங்கிகளும் அச்சந்தையில் பங்கேற்க அனுமதித்தது.

அனுமதி கிடைத்த வழியைப் பார்த்தால் 1981இன் நியூயார்க் கணக்கேடு நினைவுக்கு வரும். குஜராத்தின் காந்திநகரை ஒட்டிய கிஃப்ட் நகரிலுள்ள பன்னாட்டு நிதிச் சேவை மையத்தில் பிரிவு வைத்திருக்கும் வங்கிகளுக்கே அது தரப்பட்டது. அந்த மையத்தின் நிதி நிறுவனங்கள், அந்நியச் செலாவணிச் சட்டத்தின் பார்வையில் இந்தியாவுக்கு வெளியே வசிப்பவை. அவற்றை மேற்பார்வையிட 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தனி ஆணையமும் உண்டு. 2000ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரில் டாலரில் விற்பனையான நிஃப்டி முன்பேர ஒப்பந்தம், 2023 ஜூலை 3 அன்று இங்கே இடம்பெயர்ந்தது. குறியீட்டெண் இந்தியப் பங்குகளுடையது, வணிக மையம் இந்திய மண்ணில் இருப்பது, தீர்வு இப்போதும் டாலரில். அதை வாங்கி விற்க இந்தியாவில் வசிக்கும் சாதாரண முதலீட்டாளருக்கு அனுமதியில்லை.